வைஸ் சிட்டியா, ஜிடிஏ 5-ஆ? ஒரு பழைய ஆட்டக்காரனின் கருத்து

2002-இல் வந்தது வைஸ் சிட்டி, 2013-இல் வந்தது ஜிடிஏ 5. இரண்டும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' (ஜிடிஏ) வரிசை வீடியோ கேம்கள். இரண்டையும் முடித்தவன் நான். எது சிறந்தது என்று கேட்டால் உடனே பதில் வராது.

வைஸ் சிட்டியில் நாம் ஆடும் நாயகன் டாமி. தண்ணீரில் விழுந்தால் செத்தான். அவ்வளவு பெரிய ரவுடிக்கு நீச்சல் தெரியாது! அப்புறம் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷன், அதாவது ஆட்டத்தில் முடிக்க வேண்டிய ஒரு வேலை. கட்டி முடியாத கட்டடத்துக்குள் நான்கு குண்டுகளை வைக்க வேண்டும், நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கீபோர்டை உடைக்காதது என் நல்ல குணம். 'நாஸ்டால்ஜியா' என்று இதற்கெல்லாம் முட்டுக் கொடுக்க மாட்டேன், அது மோசமான வடிவமைப்புதான்.

ஜிடிஏ 5-இல் பாதியில் தோற்றால் பாதியிலிருந்து ஆடலாம். மூன்று முறை தோற்றால் அந்தப் பகுதியைத் தாண்டியே போய்விடலாம். மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என்று மூன்று நாயகர்களிடையே ஆள் மாறி ஆடுவது அருமை. டிரெவரிடம் மாறும்போதெல்லாம் அவன் எந்தக் கோலத்தில் இருப்பானோ என்று ஒரு பயம்.

ஆனால் ஒன்று. ஜிடிஏ 5-இல் மினிமேப்பில் (திரை மூலையில் இருக்கும் குட்டி வரைபடம்) தெரியும் வழிகாட்டும் கோட்டைப் பார்த்தே வண்டி ஓட்டுகிறேன், அந்த ஆட்டத்தின் நகரமான லாஸ் சாண்டோஸின் தெருக்கள் இன்னும் மனதில் நிற்கவில்லை. வைஸ் சிட்டியில் வழிகாட்டும் கோடு கிடையாது. அதனால் இன்றைக்கும் கடற்கரைச் சாலையில் கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஓட்டுவேன், ரேடியோவில் எண்பதுகளின் பாட்டு மட்டும் ஓட வேண்டும்.

புதிதாக ஆட வருபவருக்கு ஜிடிஏ 5. எனக்கு, சரி, வைஸ் சிட்டி. ஹெலிகாப்டர் மிஷனை மட்டும் தம்பி ஆடட்டும்.