பன்னிரண்டு வருஷமாக ஒழுகிய பதினோரு அடி: கலவை வீட்டில் குடியிருந்த கதை

போன வாரம் அக்கா மகன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். திருவாரூரில் அவன் கட்டப்போகும் வீட்டின் எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றப் படம். முகப்பில் இரண்டு ரோமானியத் தூண், அதற்கு மேல் கேரளா ஓட்டுச் சரிவு, நடுவில் செட்டிநாட்டு முற்றம், மாடியில் ஆள் உயரக் கண்ணாடி. கீழே, "ஒங்க வீடு மாதிரியேதான் மாமா. நல்லாருக்குல்ல?" என்று கேட்டிருந்தான்.

அன்றைக்குப் பதில் போடவில்லை. ஓட்டு வேலை பார்த்தவருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வேகத்தில் எதையாவது எழுதியிருந்தால் அக்கா என்னோடு பேசமாட்டாள். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

எங்கள் வீடு மன்னார்குடி பக்கம். 2013 தையில் பால் காய்ச்சினோம். அப்பாவுக்குத் திண்ணையும் முற்றமும் வேண்டும். பாதிப் பணம் போட்ட குவைத் அண்ணனுக்குக் கேரளா ஓடு. வீட்டுக்காரிக்கு முகப்பில் உருண்டைத் தூண். எனக்கு ஆத்தங்குடித் தரை. யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாத ஒரு இன்ஜினியர் கிடைத்தார். எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டுக் கொடுத்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிரச்சினை முற்றத்தின் தெற்குத் தாழ்வாரத்தில். அங்கே ஓட்டுச் சரிவின் தலைப்பக்கம் கூடத்துக் கான்கிரீட் சுவரில் போய் முட்டுகிறது. பதினோரு அடி நீளம், ஒரு அங்குல இடைவெளி. அந்தச் சுவர் வடக்குப் பார்த்தது. நம்மூர் ஐப்பசி கார்த்திகை மழை வாடைக்காற்றோடு வந்து நேரே அதில்தான் அறைகிறது. சுவரில் வழிந்த தண்ணீர் ஓட்டின் மேல் ஓடாமல் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். இறங்கி, சரியாக அப்பாவின் ஊஞ்சல் மேல் சொட்டும். ஊஞ்சலை மூன்று தடவை இடம் மாற்றினோம். மூன்று தடவையும் சொட்டு தேடிக்கொண்டு வந்தது.

முதல் வருஷம் கொத்தனார் சிமெண்டால் அடைத்தார். பங்குனி வெயிலில் கீறல் விட்டது. அடுத்து வாட்டர்புரூஃப் பெயிண்ட். அப்புறம் தார் ஷீட். அப்புறம் துப்பாக்கி மாதிரி ஒன்றில் வைத்துப் பீய்ச்சும் சிலிக்கான். எதுவும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. கொத்தனாரைக் கேட்டால், "தளத்துல ஒரு சொட்டு ஒழுகுனா என்னைக் கேளுங்க, ஓடு என் வேலை இல்லண்ணே" என்பார். ஓட்டுக்காரரைக் கேட்டால், "எங்க ஓட்டுல ஓட்டை இருக்கான்னு பாருங்க, சுவரு கொத்தனாரு கட்டுனது" என்பார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒழுகிய அந்த ஒரு அங்குலம் மட்டும் யார் கணக்கிலும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அதற்கு நான்தான் வரி கட்டினேன். ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாய், பிளாஸ்டிக் வாளிகள் தனி.

இந்த வருஷம் ஓட்டு வேலைக்கு வந்தவர் வயதானவர். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா ஒட்டிக்கிட்டே இருந்தீங்களா?" என்று சிரித்தார். மூட்டுக்கு நாலு விரல் மேலே சுவரில் நீளமாகக் காடி, அதாவது ஒரு ஒடுக்கமான பள்ளம், வெட்டினார். அலுமினியத் தகட்டை வளைத்து, மேல் விளிம்பைக் காடிக்குள் செருகிப் பூசினார். கீழ் விளிம்பை ஓட்டின் மேல் சும்மா படியவிட்டார். ஆணி இல்லை, பசை இல்லை. நான் பதறியதற்கு அவர் சொன்னது: "கான்கிரீட்டு வெயிலுக்கு ஒரு மாதிரி நீளும். ஓட்டுக்குக் கீழ இருக்கிற இரும்புச் சட்டம் வேற மாதிரி நீளும். ரெண்டையும் சேத்து ஒட்டுனா கிழியத்தான் செய்யும். அதது அதது பாட்டுக்கு அசையட்டும்." ஒரு நாள் வேலை.

மாப்ளே, கலந்து கட்டுவது ஒன்றும் பாவமில்லை. தஞ்சாவூர் அரண்மனை நாயக்கர் தொடங்கியது, 1855 வரைக்கும் மராட்டியர் சேர்த்தது. ஒரு வளாகத்துக்குள் எத்தனை கை. மல்லிப்பட்டினம் கடற்கரையில் மனோரா நிற்கிறதே, நெப்போலியன் 1814-ல் வீழ்ந்ததைக் கொண்டாடி தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி கட்டிய அறுகோணக் கோபுரம். அதைக் கேரளா, செட்டிநாடு என்று எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? ஆனால் அந்தக் காலத்தில் பாணி எத்தனை மாறினாலும் செங்கல் செங்கல்தான், சுண்ணாம்பு சுண்ணாம்புதான். வளைவு கட்டியவனும் விதானம் கட்டியவனும் ஒரே காரையைக் குழைத்தவர்கள். நம் வீட்டில் கான்கிரீட், இரும்புக் குழாய், மங்களூர் ஓடு, கண்ணாடி என்று நாலு சாதிப் பொருள். நாலும் வெயிலுக்கு நாலு விதமாக நடந்துகொள்ளும். எலிவேஷன் படத்தில் அது தெரியாது. படத்தில் மழையே கிடையாது.

தூண் கதையும் இதேதான். போர்டிகோவுக்குத் தனி அஸ்திவாரம், அதுவும் ஆழமில்லாதது. நம் களிமண் சித்திரையில் சுருங்கி வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது, போர்டிகோவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குக் கீறல் விடும். மழை விழுந்ததும் மூடிக்கொள்ளும். ஆற்றில் தண்ணீர் திறந்த தேதியை அந்தக் கீறலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தூண் உச்சியில் இருக்கும் இலை வேலைப்பாட்டில் புறா குடும்பம் நடத்துகிறது. ஆத்தங்குடித் தரையைப் பற்றி ஒரு குறையும் இல்லை, ஆசிட் ஊற்றிக் கழுவாத வரைக்கும்.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தபோது முன்பக்க ஓடு முக்கால்வாசி பறந்தது. தென்னை பன்னிரண்டு சாய்ந்தது. நாங்கள் ஏழு பேரும் பக்கத்து வீட்டு ஐந்து பேரும் கூடத்துக் கான்கிரீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். முழுக்க ஓட்டு வீடாக இருந்தால் அன்றைக்கு எங்கே போயிருப்போம் என்று தெரியாது. அதற்கப்புறம் இருபது நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. அப்போது கான்கிரீட் அறைகள் புழுங்கிப் போயின. முற்றத்து வெளிச்சத்தில்தான் சமையல், தாழ்வாரத்தில்தான் படுக்கை. எல்லா ஆசையையும் ஒரே வீட்டில் திணித்தது அந்த மூன்று வாரம் எங்களைக் காப்பாற்றியது.

திண்ணையை நான் வேண்டாமென்று சண்டை போட்டேன். ஆறடி இடம் வீண், கார் நிறுத்தலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. கடைசி இரண்டு வருஷம் அவர் பகல் முழுக்க அங்கேதான். நடவுக்குப் போகிறவர்கள், கூரியர் பையன், பேப்பர்காரர், எல்லாரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். அவர் போனபிறகும் உட்காருகிறார்கள். இப்போது நானும் உட்காருகிறேன். கார் தெருவில் நிற்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், இரண்டு. கோபத்தில் சொல்கிறேன் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். அவள் மேல் சொட்டவில்லை.

நீ அனுப்பிய படத்தில் ஓடும் தளமும் முட்டும் இடம் மூன்று இருக்கிறது, கண்ணாடியும் ஓடும் சேரும் இடம் ஒன்று. நாலையும் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் இன்ஜினியரிடம் அந்த நாலு வட்டத்துக்கும் தனித்தனியாக வெட்டுப்படம் கேள், மூட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் படம். தகடு எங்கே செருகுவது, தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டம், யார் பொறுப்பு, மூன்றையும் எழுதி வாங்கு. எழுதித் தரமாட்டேன் என்றால் ஓடே வேண்டாமென்று விட்டுவிடு, திண்ணையை விடாதே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஐப்பசியில் ஒரு ராத்திரி இங்கே வந்து தங்கு. ஊஞ்சல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, உனக்கு அங்கேதான் படுக்கை.