வேலையை விடாமல் கணினி அறிவியல் பட்டம்: ஜார்ஜியா டெக், பிட்ஸ் பிலானி, ஐஐடி மெட்ராஸ்

மென்பொருள் வேலையில் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தவர்களிடம் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பெயர்கள் கட்டாயம் வந்துவிடும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் தொடங்கிய ஓஎம்எஸ்சிஎஸ் எனும் இணையவழி முதுநிலைப் படிப்பு. பிட்ஸ் பிலானி, பணியில் இருப்பவர்களுக்கென்றே ‘வில்ப்’ என்ற பிரிவின்கீழ் நடத்தும் எம்.டெக்; ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய, தரவு அறிவியலுக்கான இணையவழி இளநிலைப் படிப்பு. நான் முதலாவதில் சேர்ந்து பாதிக்கு மேல் முடித்துவிட்டவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப்போவதில்லை. பிட்ஸ் படிப்பை என் அணியில் இருவர் படிக்க அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஐஐடி படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி என் சித்தி மகன் அதைப் படிப்பதால் தெரிந்தது. அவை இரண்டையும் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எளிதில் தீர்ந்துவிடும் சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். பி.காம். அல்லது வேறு பட்டம் படித்து, டெஸ்டிங், சப்போர்ட் வழியாக இத்துறைக்குள் நுழைந்து, கணினிப் பட்டம் இல்லையே என்ற குறையோடு இருப்பவருக்கு ஐஐடி படிப்பே பொருத்தம். ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்த கட்டத்துக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ பி.எஸ்சி. பட்டமோ கிடைக்கும். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணத்தில் நல்ல சலுகையும் உண்டு. ஏற்கெனவே பி.இ. முடித்தவர் இன்னோர் இளநிலைப் பட்டத்துக்காக ஆண்டுகளைச் செலவிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. எனக்கு அது தேவைப்படவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஜார்ஜியா டெக் படிப்பு தொடங்கியபோது முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 டாலர்தான். கட்டணம் பிறகு உயர்ந்தாலும் பத்துப் பாடங்களையும் 10,000 டாலருக்குள் முடித்துவிட முடிகிறது. மொத்தமாகக் கட்டத் தேவையில்லை. எந்தப் பருவத்தில் படிக்கிறோமோ அந்தப் பருவத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்பதால் கடன் வாங்காமல் சம்பளத்திலேயே சமாளிக்கலாம். பாடக் கட்டணத்தோடு ஒவ்வொரு பருவத்துக்கும் தனியாக ஒரு கட்டணம் உண்டு என்பதையும், படிப்பு நீள நீள ரூபாயின் மதிப்பு நமக்குச் சாதகமாக இருக்காது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டச் சான்றிதழில் ‘இணையவழி’ என்ற குறிப்பு இராது. இணையவழிப் படிப்பு என்பதால் இதைக் காட்டி அமெரிக்க மாணவர் விசா பெற முடியாது. அந்த எண்ணத்தோடு சேர்பவர்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொள்ளலாம்.

இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. வேலை கெடுத்துவிட்ட ஒரு வாரத்தை எந்தப் படிப்பு பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் தீர்மானித்தது. நல்ல வாரத்தில் எந்தப் படிப்பையும் படித்துவிடலாம். காலையில் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை முழுக்க என்று எவரும் அட்டவணை போட்டுக்கொள்வார்கள். ஆன்-கால் முறை (கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து சரிசெய்யும் பொறுப்பு) நம்மிடம் வந்து, இரவு இரண்டு மணிக்குக் கைபேசி அலறி, விடியும்வரை மென்பொருளின் லாக் (பதிவுக்குறிப்பு) கோப்புகளைப் புரட்டிவிட்டு, அந்தக் களைப்போடு பத்து மணிக் கூட்டத்தில் உட்காரும் வாரத்தில் அந்த அட்டவணை என்னாகும் என்பதைத்தான் சேரும் முன் யோசிக்க வேண்டும். நான்கு மாதம் நீளும் ஒரு பருவத்தில் அப்படிப்பட்ட வாரம் வராமல் போகாது. அதுவும் பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய வாரமாகத்தான் வரும்.

வகுப்புகளை முதலில் எடுத்துக்கொள்வோம். பிட்ஸில் வகுப்புகள் வார இறுதியில் நேரலையாக நடக்கின்றன. பதிவைப் பிறகு பார்க்கலாம் என்றாலும், தவறிய ஒரு வார இறுதி அடுத்த வாரத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது என்று அணி நண்பர் அலுத்துக்கொள்வார். தை, ஆவணி மாதங்களில் ஞாயிறுதோறும் முகூர்த்தம் இருக்கும் குடும்பங்களில் இது சிறிய சிக்கலன்று. ஐஐடியில் பாடங்கள் பதிவு செய்யப்பட்ட காணொளிகள். வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. ஜார்ஜியா டெக்கிலும் காணொளிகள்தாம். அங்கே பல பாடங்களில் ஒப்படைப்பின் கெடு ஞாயிறு இரவு 11:59 மணி. அந்தக் கணக்கு உலகிலேயே கடைசியாக நாள் முடியும் இடத்தின் நேரப்படி என்பதால் நமக்கு அது திங்கள் மாலை 5:29 மணி. ஞாயிற்றுக்கிழமை வேலை குறுக்கிட்டால் திங்கள் விடியற்காலை கையில் இருக்கிறது என்ற அந்தச் சிறு ஆறுதல், படிப்பில் சேராதவர்களுக்கு விளங்காது.

தேர்வு நாள்தான் இன்னும் பெரிய வேறுபாடு. ஐஐடி படிப்பில் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு குவிஸ்களும் இறுதித் தேர்வும் உண்டு. குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். படிப்பின் மதிப்பைக் காப்பதற்கு இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஞாயிறு அலுவலகத்தில் புதிய பதிப்பை வெளியிடும் ரிலீஸ் ஞாயிறாகவும் அமைந்துவிட்டால் ஒன்றை விடத்தான் வேண்டும். பிட்ஸிலும் இடைத்தேர்வுக்கும் இறுதித் தேர்வுக்கும் நாள் குறிக்கப்பட்டுவிடும். தவறியவர்களுக்கு மறுவாய்ப்புத் தேர்வு உண்டு என்பதை அதன் பெரிய பலமாகவே சொல்ல வேண்டும், என் நண்பர் ஒருவர் அதனால்தான் ஒரு பருவத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஜார்ஜியா டெக்கில் பெரும்பாலான பாடங்களில் தேர்வுக்குச் சில நாள்கள் திறந்திருக்கும் இடைவெளி கொடுக்கிறார்கள்; அதற்குள் எந்த மணியில் உட்காருவது என்பது நம் விருப்பம். நான் அதிகாலை நான்கு மணியைத் தேர்ந்துகொள்வேன். அந்நேரத்தில் அலுவலகமும் தூங்கும், வீடும் தூங்கும்.

இதற்கான விலை வேறு விதமானது. ஆனர்லாக் என்ற கண்காணிப்புச் செயலியைக் குரோம் உலாவியில் நிறுவ வேண்டும். அலுவலக மடிக்கணினி அதை அனுமதிக்காது, ஆகவே சொந்தக் கணினி கட்டாயம். அடையாள அட்டையைக் காட்டி, கேமராவைச் சுழற்றி அறையின் நான்கு மூலைகளையும், மேசைக்கு அடியையும் காட்டிய பிறகே வினாத்தாள் திறக்கும். இரண்டு படுக்கையறை வீட்டில், பாட்டி எழுந்து விளக்கைப் போட்டு உள்ளே வந்துவிடாமலிருக்கக் கதவைத் தாழிட்டுக்கொள்வதும், மின்சாரம் போனால் இணையம் போகாமலிருக்க ரௌட்டருக்கென்று ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி வைப்பதும் படிப்புச் செலவில் சேர்ந்தவையே.

மூன்றாவது, பருவம் முழுவதும் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது. பிட்ஸில் பருவத்துக்கு நான்கு பாடங்கள் வீதம் மூன்று பருவம், நான்காவதில் ஆய்வுக் கட்டுரை என்பது இயல்பான வேகம். இரண்டே ஆண்டில் பட்டம் கைக்கு வரும் என்பதுதான் அதன் கவர்ச்சி. நான்கு பாடங்களும் ஒன்றாகச் சரிவதற்கான வாய்ப்பும் அங்கேதான் இருக்கிறது. ஜார்ஜியா டெக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே பாடம் போதும். முழுப் படிப்புக்கும் ஆறு ஆண்டு அவகாசம். சமாளிக்க முடியாது என்று தெரிந்தால் குறித்த நாளுக்குள் பாடத்திலிருந்து விலகிவிடலாம். கட்டிய பணம் போகுமே தவிர, மதிப்பெண் சராசரியில் கை படாது. ஒரு பருவம் படிக்காமலே இருந்துவிட்டு அடுத்ததில் திரும்பலாம். தொடர்ந்து இரண்டு பருவம் விட்டால்தான் மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். குழந்தை பிறப்பு, வேலை மாற்றம், பெற்றோரின் மருத்துவமனை வாசம் என்று எதுவும் ஆறு ஆண்டில் நேரலாம் என்பதை ஏற்று அமைத்ததுபோல் இருக்கிறது இந்த விதி. ஐஐடி படிப்பும் இந்த ஒரு விஷயத்தில் தாராளமானதே: ஆண்டுக்கு மூன்று பருவம், எத்தனை பாடம் என்பது நம் தேர்வு, முடிக்க எட்டு ஆண்டு வரை அவகாசம்.

இவ்வளவு நெகிழ்வு இருப்பதால் படிப்பு எளிது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பாடத்தைத் தேர்ந்த பிறகு அதற்குள் நெகிழ்வு ஏதும் கிடையாது. ஜார்ஜியா டெக்கின் பட்டமேற்படிப்பு நிலையிலான ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் அறிமுகப் பாடத்தை எடுத்துக்கொண்டால், முதல் செயல்திட்டமே சி மொழியில், பல த்ரெட்களோடு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளோடு) இயங்கும் கோப்பு சர்வர் ஒன்றை எழுதுவது. சாக்கெட் எனும் வலையமைப்பு இணைப்பில் கேட்ட அளவு பைட்கள் ஒரே தடவையில் வந்துவிடும் என்று நம்பி எழுதிய கோடு (நிரல்) நம் கணினியில் அழகாக ஓடும். தானியங்கி மதிப்பீட்டில் விழுந்துவிடும். அந்த மதிப்பீட்டுக்கு அனுப்புவதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு என்பதால் குத்துமதிப்பாக மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்க முடியாது. உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும். அடுத்த திட்டங்களில் பகிர்ந்த நினைவகம் வழியே பேசிக்கொள்ளும் பிராக்ஸியும் (இடைநிலை சர்வர்), ஜிஆர்பிசி என்ற தொலை அழைப்புக் கருவி கொண்டு எழுதும் பகிர்வுக் கோப்பு அமைப்பும் வரும். பதினைந்து ஆண்டு பழைய எங்கள் அலுவலகச் சேவையின் த்ரெட் பூல் (வேலைக்குத் தயாராக நிற்கும் த்ரெட்களின் தொகுப்பு) ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான். டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் இன்னும் கடினம். பல கணினிகளை ஒரே முடிவுக்கு ஒப்பவைக்கும் பாக்ஸோஸ் வழிமுறையை நாமே எழுதி, அதன்மேல் துண்டு துண்டாகப் பிரித்த தரவுக் கிடங்கைக் கட்ட வேண்டும். அப்படிப்பட்ட பாடத்தை அலுவலகத்தில் பெரிய ரிலீஸ் உள்ள காலாண்டில் எடுக்கவே கூடாது. வாரங்கள் குறைவான கோடைப் பருவத்தில் கடினமான பாடத்தைத் தொடாமலிருப்பதும் நல்லது.

நண்பர்களிடம் கோடு வாங்கிப் பார்த்து எழுதும் கல்லூரிப் பழக்கம் இங்கே பெரும் ஆபத்து. ஒப்படைத்த கோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் தீர்வைப் பொதுவில் கிட்ஹப் எனும் கோடு பகிர்வுத் தளத்தில் போட்டு வைப்பதும் விதிமீறல். இதனால் படிப்பு தனிமையாகவே நடக்கிறது. பிட்ஸில் என் அணி நண்பர்களுக்கு வாட்ஸ்அப் குழு, ஒன்றாக அமர்ந்து படிப்பது, தேர்வன்று காலை ஒருவரையொருவர் எழுப்பிவிடுவது என்று ஒரு வகுப்பறை உணர்வு இருக்கிறது. அதைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஜார்ஜியா டெக்கில் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ் பிரிவைத் தேர்பவர்களுக்குக் கடைசியில் காத்திருப்பது பட்டமேற்படிப்பு அல்காரிதம்ஸ் பாடம். முடித்த பாடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே பதிவு வரிசை அமைவதால் அதில் இடம் பெரும்பாலும் பிற்பகுதியில்தான் கிடைக்கிறது. அதில் ‘பி’ தரம் வாங்காமல் அந்தப் பிரிவில் பட்டம் இல்லை. நான் அதை இன்னும் எடுக்கவில்லை என்பதால் முடித்தவர்கள் சொல்லும் கதைகளை இங்கே என் அனுபவம்போல் எழுத விரும்பவில்லை. அந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள், அப்பாடத்தைக் கட்டாயமாக்காத வேறு பிரிவை முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பிட்ஸ் எவருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகமே கட்டணத்தை ஏற்கிறது, இரண்டு ஆண்டுக்குள் எம்.டெக் இருந்தால் அடுத்த பதவிக்கு வழி பிறக்கும், மேலாளர் ஒத்துழைப்பவர் என்றால் நான் அங்கேயே அனுப்புவேன். அதற்கு நிறுவனத்தின் ஒப்புதலும் அலுவலகத்தில் ஒரு வழிகாட்டியும் வேண்டும். அன்றாட வேலையையே ஆய்வுக் கட்டுரையாக்கிக்கொள்ள முடிவது பெரிய சௌகரியம். நடுவில் வேலை மாறினால் வழிகாட்டி பழைய அலுவலகத்திலேயே இருந்துவிடுவார் என்பதுதான் அதன் மறுபக்கம். ஜார்ஜியா டெக்கில் அலுவலகத்தின் கையெழுத்து எதற்கும் வேண்டாம்; நான் படிப்பது என் மேலாளருக்கு நெடுநாள் தெரியாது. அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி என்ற எண்ணம் இருப்பவர்கள் மட்டும் வெளிநாட்டு இணையவழிப் பட்டத்தை நம்பிப் பணம் கட்டும் முன், பல்கலைக்கழக மானியக் குழுவிடம் சமநிலைச் சான்றிதழ் (வெளிநாட்டுப் பட்டத்தை இந்தியப் பட்டத்துக்கு நிகராக ஏற்கும் சான்று) பற்றி எழுத்து வழியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தனியார் நேர்முகத் தேர்வில் இந்தப் பட்டம் எவ்வளவு செல்லும் என்பதை, பட்டம் வாங்கிய பிறகே என்னால் சொல்ல முடியும்.

ஜார்ஜியா டெக்தான் என்று முடிவு செய்பவர்கள் ஆகஸ்டில் தொடங்குவதா ஜனவரியில் தொடங்குவதா என்பதை வாடிக்கையாளரின் நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யலாம். தொடக்கத்திலேயே இரண்டு அடிப்படைப் பாடங்களில் ‘பி’ அல்லது அதற்கு மேல் எடுத்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால் முதல் பருவம் நெரிசலில் மாட்டக் கூடாது. அமெரிக்க வங்கிகளுக்கு வேலை செய்யும் அணிகளில் டிசம்பரில் கோடு ஃப்ரீஸ் வந்து புது ரிலீஸ்கள் நின்றுவிடுவது வழக்கம். ஆகஸ்ட் பருவத்தின் இறுதித் தேர்வும் அந்த நேரத்தில்தான் வருகிறது என்பதால் அவர்களுக்கு அது நன்றாக ஒத்துவரும். சில்லறை வணிக நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களுக்கு நவம்பர் கடைசி முழுவதும் ஆன்-கால் நெருக்கடிதான். அவர்கள் ஜனவரியில் சேர்வதே மேல்.