ஜூலைப் பயணத்துக்கு எந்த ஊர்? லண்டன், பாரிஸ், போர்ட்டோ, ஆல்ப்ஸ்

ஐரோப்பா என்றாலே குளிர் என்று நம்பி, ஜூலைப் பயணத்துக்கும் பெட்டி நிறைய ஸ்வெட்டர் அடுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லண்டனும் பாரிஸும் போர்ச்சுகலின் போர்ட்டோவும் சுவிஸ் ஆல்ப்ஸும் ஒரே பயணத்தில் அடங்கலாம். வானிலை நான்கிலும் வேறு வேறு. சராசரி வெப்பத்தை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். மோசமான ஒரு வாரம் வந்தால் அந்த ஊரில் எப்படித் தங்குவது என்பதையும் பாருங்கள்.

லண்டனில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 23, 24 டிகிரி. இரவில் 14 வரை இறங்கும். நடந்து சுற்ற இதைவிட இதமான பெருநகரம் அரிது. மழைக்குப் பயந்து லண்டனை ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆண்டு மழையளவில் பாரிஸும் லண்டனும் ஏறக்குறைய சமம், இரண்டுக்கும் சுமார் 600 மில்லிமீட்டர். லண்டனில் அது தூறலாக வந்து போகும். பாரிஸில் கோடையில் இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். வெப்ப அலை லண்டனையும் விடுவதில்லை. 2022 ஜூலை 19 அன்று கிழக்கு இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் அதுவே இதுவரை உச்சம். ஆனால் அட்லாண்டிக் காற்று திரும்பியதும் பெரும்பாலும் சில நாட்களில் சூடு தணிந்துவிடும். அதுவரை ஆழத்தில் ஓடும் சென்ட்ரல், பேக்கர்லூ ரயில்களைத் தவிர்த்து, குளிர்சாதன வசதியுள்ள எலிசபெத், டிஸ்ட்ரிக்ட் தடங்களில் போகலாம்.

பாரிஸின் சராசரி 26 டிகிரிதான். என் கவலை அதைப் பற்றியது அல்ல. ஸ்பெயினையும் சஹாராவையும் தாண்டி வரும் சூடான காற்று இங்கே தேங்கி நின்றால் நகரம் திணறிப்போகிறது. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. 2025 ஜூலைத் தொடக்கத்தில் வெயில் காரணமாக ஈஃபிள் கோபுரத்தின் உச்சிக்குப் பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை.

சென்னையில் 40 டிகிரியைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பெரிதா என்று கேட்கலாம். சென்னை வீட்டில் தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. பாரிஸின் பழைய கட்டடங்களில் துத்தநாகத் தகட்டுக் கூரைக்குக் கீழே இருக்கும் மலிவான அறையில் விசிறியும் இருக்காது, ஏசியும் இருக்காது. இரவிலும் கூரையின் சூடு இறங்காது. வயதானவர்களோடு போகிறவர்கள் மேல்மாடி அறையை எடுக்கவே கூடாது. இன்னொன்று, அங்கே கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே கடிகாரத்தில் இரண்டு மணியை நெருங்கும்போதுதான். வெயில் தணிந்திருக்கும் என்று நம்பி நான்கு மணிக்கு வெளியே வருகிறவர்கள் நாளின் கடும் சூட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் சுற்றுங்கள், ஜூனில் இருட்ட இரவு பத்தாகும் என்பதால் மாலை நடைக்கும் நேரம் நிறைய இருக்கிறது.

முதியவர்களோடு ஜூலையில்தான் போக முடியும் என்றால் என் தேர்வு போர்ட்டோ. பகலில் 25 டிகிரி, மழை மிகக் குறைவு. வடக்கிலிருந்து வீசும் 'நோர்ட்டாடா' காற்று கடலின் மேல்நீரை விலக்க, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. கரையோரம் குளுமையாக இருப்பது அதனால்தான். கடலில் குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம்: தண்ணீர் 17, 18 டிகிரிதான் இருக்கும். காலையில் மூடுபனி, மாலையில் மெல்லிய மேல்சட்டை தேவைப்படும் அளவுக்குக் காற்று. ஆனால் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க டோரோ பள்ளத்தாக்குக்குள் போனால் 35 டிகிரியை எளிதாகத் தாண்டும். அந்த நாளை மட்டும் காற்றடிக்கும் கடலோர நாளாக எண்ணிவிடாதீர்கள். தெற்கே ஸ்பெயினின் செவில் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம். அங்கே சராசரியே 36.

ஸ்வெட்டருக்கு உண்மையில் வேலை இருக்கும் இடம் ஆல்ப்ஸ். இன்டர்லாக்கன் 570 மீட்டர் உயரம், ஜூலைப் பகலில் 24 டிகிரி. அங்கிருந்து ரயிலேறி 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராயோக்கில் இறங்கினால் உறைநிலையை ஒட்டிய குளிர். பிற்பகலில் மலைகளில் மேகம் திரண்டு இடி இடிப்பது அங்கே வழக்கம். எனவே முதல் ரயில்களிலேயே ஏறிவிடுங்கள். மேலே இருக்கும் நேரலைக் கேமராவில் சிகரம் தெரிகிறதா என்று அன்று காலை பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.