ஃபார்மட் பண்ணாமலே அப்பாவோட கம்ப்யூட்டர சரி பண்ணிக் குடுத்த பினாங்கு கடை

லிட்டில் இந்தியாவுல, லெபோ குவின் மாரியம்மன் கோயில்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா ஒரு துணிக்கடைக்கு மேல மாடியில இருக்கு இந்த ரிப்பேர் கடை. ஒரே ஒரு அண்ணன்தான் பாக்குறாரு, கூட ஒரு பையன். கம்ப்யூட்டர் படுத்துட்டா ஃபார்மட்தான் (எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ புதுசா போடறது) வழின்னு நெனச்சிக்கிட்டு இருக்கறவங்க இதப் படிங்க, அவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவரு. அவரோட கம்ப்யூட்டர் 2016ல வாங்குனது, விண்டோஸ் 10. அதுல அவர் வருஷக்கணக்கா டைப் பண்ணி வச்ச கட்டுரை, கோயில் கூட்டக் குறிப்பு, பேரப்பிள்ளைங்களுக்கு எழுதுன பாட்டு எல்லாம் இருக்கு. பாதி ஃபைல் முரசு அஞ்சல்ங்கற தமிழ் டைப்பிங் சாப்ட்வேர்ல, யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவுல அடிச்சது, அந்தப் பழைய எழுத்துரு மெஷின்ல இல்லன்னா தெறந்தா வெறும் கிறுக்கலாத்தான் தெரியும். அதனாலதான் ஃபார்மட்னு யார் சொன்னாலும் எனக்கு வயித்த கலக்கும்.

மூணு மாசமாவே தொல்லை. ஆன் பண்ணி தே தாரிக் கலக்கிக் குடிச்சு முடிச்சாலும் டெஸ்க்டாப் வராது, வந்தாலும் திடீர்னு எல்லாம் நின்னுபோய் பிழைக் கோட் காட்டுற நீலத் திரை, தேதி ஒவ்வொரு காலையிலயும் 2016 ஜனவரிக்குப் போயிரும், பேங்க் பக்கம் தெறந்தா பாதுகாப்பு இல்லன்னு எச்சரிக்கை வரும். மொதல்ல வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கடைக்குத்தான் தூக்கிட்டுப் போனேன். அஞ்சு நிமிஷம்கூடப் பாக்கல, வைரஸ் லா, ஃபார்மட் பண்ணணும், 120 வெள்ளி (ரிங்கிட்), டேட்டாவுக்குப் பொறுப்பு இல்லன்னுட்டாங்க. அப்பா முகம் செத்துப் போச்சு. மெஷினத் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன்.

இந்த அண்ணன் மெஷினத் தொடறதுக்கு முந்தி கேள்விதான் கேட்டாரு. "ஐயா, கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன புதுசா போட்டீங்க, எங்கயாவது எடம் மாத்தி வச்சீங்களா?" அப்பா சொல்லச் சொல்ல ஒரு தாள்ல பேனாவால எழுதி கேசிங் மேல டேப் போட்டு ஒட்டிட்டாரு. நான் நீலத் திரைய போன்ல படம் புடிச்சு வச்சிருந்தேன், அதப் பாத்ததும், "தம்பி, தடவைக்கு ஒரு கோட் வருது பாருங்க, ஒரே புரோகிராம் கெட்டுப் போனா பெரும்பாலும் ஒரே கோட்தான் திரும்பத் திரும்ப வரும், இது ரேம், அதாவது மெமரி குச்சிக் கோளாறா இருக்கும்"னாரு.

ஆனா ரேம உடனே தொடல. மொத வேலையா ஹார்ட் டிஸ்க்க கழட்டி தன் மெஷின்ல மாட்டி, டிஸ்க்கோட நெலமையக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாப்ட்வேர்ல பாத்தாரு. மஞ்சள் கலர், எச்சரிக்கை. சி5ங்கற வரிசைய விரல் வச்சுக் காட்டுனாரு, படிக்க முடியாம நிக்கிற செக்டார் (டிஸ்க்குல தகவல் பதியற சின்னப் பகுதி) எண்ணிக்கை அது, சைபரா இருக்கணும், இல்ல. இந்த நெலமையில டிஸ்க்குப் பிழைய தேடிச் சரி பண்ற செக்டிஸ்க் கமாண்ட ஓட்டுனா டிஸ்க்குக்கு இன்னும் சிரமம் குடுத்து உள்ளதும் போயிரலாம், மொதல்ல காப்பின்னு சொல்லி முழு டிஸ்க்கையும் அப்படியே புது 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) குளோன் பண்ணுனாரு. விண்டோஸ், முரசு, எழுத்துரு, பிரிண்டர் செட்டிங் எல்லாம் இருந்த மாதிரியே. படிக்க முடியாமப் போன ரெண்டு ஃபைலும் பிரௌசரோட தற்காலிக ஃபைல், நல்ல வேளை.

அப்புறம்தான் ரேம். ரெண்டு குச்சி, ஆளுக்கு 4 ஜிபி. தங்க நெறத்துல பல்லு மாதிரி இருக்கே, அத பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சாரு, ரப்பர் கருப்பாயிருச்சு. நம்ம ஊரு ஈரக்காத்துக்கு அதுலயே பாதி கேஸ் சரியாயிரும்னாரு. அன்னிக்கு ராத்திரி ரேம சோதிக்கற மெம்டெஸ்ட்86 ஓட விட்டாரு, காலையில திரை நெறைய பிழை காட்டுற சிவப்பு வரி. ஒவ்வொண்ணா போட்டு, ஸ்லாட்டு மாத்திப் போட்டுப் பாத்து, ஸ்லாட்டுல கோளாறு இல்ல, ஒரு குச்சிதான் போச்சுன்னு உறுதி பண்ணிட்டுத்தான் மாத்துனாரு. செகண்ட் ஹேண்டு ரேம், மூணு மாச வாரண்டி.

கடைசியாத்தான் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலச் சரி பண்ற கமாண்ட் அடிச்சாரு, மொதல்ல டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். ஏன் கடைசின்னு கேட்டேன். ரேம் கெட்டிருக்கறப்ப ஓட்டுனா ரிப்பேர் பண்ற ஃபைலே அந்த ரேம் வழியா கெட்டுப்போய் எழுதப்படலாம், அதனால இரும்பு மொதல்ல, சாப்ட்வேர் அப்புறம்னாரு. யோசிச்சுப் பாருங்க, அந்த மொத கடையில ஃபார்மட் பண்ணியிருந்தா அப்பாவோட எழுத்தும் போயிருக்கும், அதே ரேம், அதே டிஸ்க்குல நீலத் திரையும் திரும்ப வந்திருக்கும். எனக்கு இன்னும் அது ஆறல.

தேதிக்குக் காரணம் மதர்போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட், அது செத்துப் போச்சு. தேதி தப்பா இருந்தா, இணையப் பக்கம் அசல்தான்னு காட்டுற சான்றிதழும் செல்லாதுன்னு காட்டும், பேங்க் பிரச்சினை அதுதான். 5 வெள்ளி வேலை.

மொத்தம் 295 வெள்ளி: எஸ்எஸ்டி 165, ரேம் 45, பேட்டரி 5, கூலி 80. மொத கடைய விட ஜாஸ்திதான், ஆனா எது எதுக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லித்தான் வாங்குனாரு, கழட்டுன ரேமையும் டிஸ்க்கையும் கையில குடுத்துட்டாரு. புதுசு வாங்குங்கன்னு தள்ளவும் இல்ல. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, இந்த ஆறாம் தலைமுறை ஐ5 சிப்பு விண்டோஸ் 11 பட்டியல்ல இல்லன்னு ஒளிக்காம சொன்னாரு, 2026 அக்டோபர் 13 வரைக்கும் வர்ற கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கும் அவரே பதிஞ்சு விட்டாரு.

கொறையும் இருக்கு. நாலு நாள் ஆச்சு. வாட்ஸ்அப்ல கேட்டா பதில் சாயந்தரம்தான் வரும். படி ரொம்ப செங்குத்து, அப்பாவ கையப் புடிச்சுத்தான் ஏத்துனேன், வயசானவங்க கீழயே நின்னு போன் பண்ணுனா பையன் எறங்கி வந்து தூக்கிட்டுப் போறான். சனி ஞாயிறு அந்தத் தெருவுல பார்க்கிங் கெடைக்காது, வார நாள்ல காலையில போங்க.

வீட்டுக்கு வந்து ஆன் பண்ணுனோம், அரை நிமிஷத்துல டெஸ்க்டாப். அப்பா கோயில் ஃபோல்டரத் தெறந்து மேல இருந்து ஒவ்வொரு ஃபைலா பாத்தாரு, எழுத்தெல்லாம் எழுத்தாவே இருந்துச்சு. போறவங்க சிபியு மட்டும் தூக்கிட்டுப் போங்க, மானிட்டர் வேணாம், பழுது எப்ப எப்ப வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போனா அண்ணனுக்கு பாதி வேலை மிச்சம்.