லேசர் பிரிண்டரை சர்வீஸுக்குக் கொடுக்கிற சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

அம்மாப்பேட்டையில் சின்ன ஜெராக்ஸ் கடை எங்களுடையது. பட்டா, வருமானச் சான்று பிரிண்ட்தான் பாதி வியாபாரம். எச்பி 1020 பிரிண்டரில் திடீரென்று தாளின் வலது ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தது. மேலிருந்து கீழாக, ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில்.

அஞ்சு ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். மூடியைக்கூடத் திறக்காமல் "பியூசர் போச்சுங்க" என்றார்கள். டோனர் என்கிற மைப்பொடியைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கிற பாகம்தான் பியூசர். 2,800 ரூபாய். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். கழட்டின பியூசரைக் கேட்டால், "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுங்ணா." கடைக்குக் கொண்டுவந்து போட்டால் அதே புள்ளி, அதே இடம். திரும்பப் போய் நின்றதற்கு, "உங்க பேப்பர் ஈரம் பிடிச்சிருக்கு" என்று பதில். ஏற்காட்டுப் பனியில் கடை வைத்திருந்தால் அதையாவது நம்பலாம். சேலத்துச் சித்திரை வெயிலில் பேப்பர் ஈரமாம்!

டோனர் ரீஃபில் பண்ண வரும் தம்பிதான் தாளில் ஸ்கேலை வைத்தார். புள்ளிக்குப் புள்ளி ஏழரை சென்டிமீட்டர். "இது டிரம்மோட ஒரு சுத்துங்ணா. உங்க 12ஏ கார்ட்ரிட்ஜ் டிரம் குறுக்களவு 24 மில்லிமீட்டர், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க." டிரம் என்பது கார்ட்ரிட்ஜுக்குள் சுற்றி, மைப்பொடியைத் தாளில் பதிக்கிற உருளை. அப்புறம் ஒரு பிரிண்ட் கொடுத்து, தாள் பாதி உள்ளே போனதும் மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜை உருவினார். பியூசருக்குள் இன்னும் நுழையாத பகுதியிலேயே புள்ளி இருந்தது. விரல் பட்டதும் எழுத்தோடு சேர்ந்து பொடியாக அழிந்தது. சூடே படாத இடத்தில் விழுந்த புள்ளிக்குப் பியூசர் என்ன செய்யும்?

டிரம்மை மறைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ் ஷட்டரைத் தள்ளிப் பார்த்தால், பளபளவென்ற டிரம்மில் ஊசிமுனை அளவு ஒரு கீறல். வெளிச்சம் பட்டால் டிரம் கெட்டுவிடும் என்று உடனே செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டார். வேறு டிரம் மாற்றினார், 200 ரூபாய். புள்ளி போயே போச்சு.

வெளியே வந்த பிரிண்ட் தேய்த்தால் கையில் ஒட்டுகிறதா? அப்போது பியூசரைச் சந்தேகப்படுங்கள். புள்ளி, கறை என்றால் முதலில் தெரிந்தவரிடம் ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு அலையவே வேண்டாம். அப்படியும் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பழைய பார்ட்டும் பில்லும் தந்தால்தான் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நல்லவேளை, பணத்தை ஜிபேயில்தான் போட்டிருந்தோம். அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தாயிற்று. அதுவரை போனே எடுக்காத கடைக்காரர் இப்போது பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். முழுசும் கேட்டிருக்கிறோம்.