மிரிஸ்ஸவா, கற்பிட்டியா, திருகோணமலையா?

இலங்கையில் விடுமுறையைக் கழிக்கச் செல்பவர் திமிங்கிலம் பார்க்க ஆசைப்பட்டால், எந்தக் கரைக்குப் போவது என்பதை முதலில் தீர்மானிப்பது காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிப்பதால் மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் பெரும்பாலான படகுகள் ஓய்ந்துவிடுகின்றன. வாடைக்காற்றின் காலத்தில் திருகோணமலைக்கு அதே கதி. ஆகவே நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்பவர்கள் முதலிரண்டு ஊர்களையும் எடைபோட்டுப் பார்க்கலாம். பள்ளி விடுமுறையை நம்பி மே மாதத்திலோ அதற்குப் பிறகோ செல்பவர்களுக்குக் கிழக்குக் கரையே கதி.

நீலத் திமிங்கிலத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு மிரிஸ்ஸ நல்ல தேர்வு. இலங்கையின் தென்கோடியான தெவிநுவர முனைக்கு அருகே, கரையோரத்து ஆழம் குறைந்த கடலடித் தளமான கண்டத்திட்டு மிகக் குறுகலாக இருப்பதால் ஆழ்கடல் கரையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. இங்குள்ள நீலத் திமிங்கிலங்கள் தம் இனத்தின் மற்றக் கூட்டங்களைப் போலத் துருவக் கடலுக்கு இரை தேடிப் போவதில்லை. வெப்பக் கடலிலேயே தங்கி, சிறு இறால் வகைகளைத் தின்று வாழ்கின்றன. மூச்சை ஊதிய பின் முதுகு நீளமாக உருண்டு செல்லும். பிறகு வால் எழும்பி, நீர் சொட்டச் சொட்ட ஒரு கணம் நின்று, நேராக இறங்கும். அது போன இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான ஒரு வட்டம் சற்று நேரம் மிதக்கும். அனுபவமுள்ள படகோட்டிகள் அந்த வட்டத்தைக் கொண்டே அடுத்து எங்கே எழும் என்று கணிக்கிறார்கள்.

ஆனால் அதே கணிப்பை மற்றப் படகோட்டிகளும் செய்கிறார்கள் என்பதுதான் தொல்லை. நான் சென்ற காலையில் ஒரே திமிங்கிலத்தைச் சுற்றி ஏழெட்டு மாடிப் படகுகள் நின்றன. டீசல் புகையும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் குனிந்திருந்தவர்களுமாக, காலை உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கவே மனம் வரவில்லை. திமிங்கிலத்திலிருந்து 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு விதிமுறை சொன்னாலும், எங்கள் படகோட்டி அதைப் பொருட்படுத்தவில்லை. போதாக்குறைக்கு, உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளுள் ஒன்றும் இவ்வழியே செல்கிறது. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் இறப்பதால், 2022இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது.

கற்பிட்டியின் பெருமை டொல்பின்கள். நூற்றுக்கணக்கில் திரண்டு வரும் சுழல் டொல்பின்கள், தக்கிளி சுற்றுவதுபோல் உடலைச் சுழற்றியபடி நீரிலிருந்து எழும்பும். இங்கே செல்வது சிறிய ஃபைபர் படகில் என்பதால், கண்மட்டத்திலேயே அவற்றைக் காணலாம். படகின் முன்முனையான அணியத்தின் அடியில் அவை மூச்சு விடும் ஓசைகூடக் கேட்கும். முதுகுவலி உள்ளவர்கள் மட்டும் யோசித்துச் செல்வது நல்லது, ஏனெனில் அலை ஒவ்வொன்றும் இருக்கைப் பலகை வழியாக முதுகெலும்புக்கு வந்து சேரும். பவளத்திட்டைத் தாண்டிய ஆழத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களும் உண்டு. அவற்றின் மூச்சு நேராக மேலெழாமல் முன்பக்கமாக இடப்புறம் சாய்ந்து பீறிடுவதால், தொலைவிலிருந்தே இனம் கண்டுகொள்ளலாம். இரவெல்லாம் இரை தேடிய சுழல் டொல்பின்கள் பகலில்தான் இளைப்பாறும் என்பதால், கூட்டத்தின் நடுவே படகை ஓட்டாத படகோட்டியைத் தேடிப் பிடிப்பது அவசியம்.

மாதம் ஒத்துவருமானால் என் வாக்கு திருகோணமலைக்கே. நீலத் திமிங்கிலம், ஸ்பெர்ம் திமிங்கிலம், டொல்பின் என மூன்றும் ஒரே கடலில் கிடைக்க வாய்ப்புள்ள இடம் இது. துறைமுக வாயிலருகே தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கே அதற்குக் காரணம். அருகிலுள்ள உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் விடியலில் புறப்படும் படகுகள் மிரிஸ்ஸவைவிடக் குறைவு. கொழும்பிலிருந்து தெற்கே போவதைவிடப் பயணம் மிக நீண்டது என்பது மெய்யான குறை. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் உடன் வந்தால், அவர்களைக் கோணேசர் கோயில் அமைந்திருக்கும் சுவாமி மலைக்கு அழைத்துச் செல்லலாம். காற்றடங்கிய காலை வேளையில், பூசை முடிந்து மதிலோரம் பொறுமையாக நிற்பவர்களுக்கு, கீழே விரியும் கடலில் வெண்புகைபோல் ஒரு மூச்சு எழுவது சில நாட்களில் தெரிவதுண்டு.