வெல்டிங் சான்றிதழ்: எந்த வழியில் படித்தால் கடன் மிஞ்சாது?

அமெரிக்காவில் வெல்டிங் கற்க விரும்புபவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன: சமுதாயக் கல்லூரியின் (குறைந்த கட்டணத்தில் நடக்கும் அரசுக் கல்லூரி) சான்றிதழ் படிப்பு, லாப நோக்கில் நடக்கும் தனியார் தொழிற்பள்ளி, சம்பளத்துடன் கூடிய அப்ரண்டிஸ் பயிற்சி. 2024 மே மாத அரசுக் கணக்குப்படி அங்கே வெல்டர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 51,000 டாலர். அதாவது பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதியில்தான் இருப்பார்கள்.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் அம்மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் கட்டணம். 30 யூனிட் சான்றிதழுக்கு மொத்தம் 1,380 டாலர் ஆகும். ஹெல்மெட், தோல் கையுறை, பூட்ஸ் ஆகியவற்றின் செலவு தனி. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமே தள்ளுபடியாகிவிடும் என்பதால், கடன் வாங்காமலேயே படித்து முடிப்பது அங்கே நடக்கக்கூடிய காரியம். தனியார் பள்ளிகள் பலவற்றில் கட்டணம் 15,000 டாலரைத் தாண்டுகிறது. அதற்காக 9,500 டாலரை 6.39 சதவீத வட்டியில் கடனாகப் பெற்றால், பத்தாண்டுகளுக்கு மாதம் 107 டாலர் வீதம், மொத்தம் ஏறத்தாழ 12,900 டாலர் திருப்பிக் கட்ட வேண்டும்.

இரண்டையும் ஒப்பிட அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ இணையதளம் உதவும் என்றாலும், அதை நிதானமாகப் படிக்க வேண்டும். அதிலுள்ள இடைநிலைக் கடன், கூட்டரசிடம் (மத்திய அரசிடம்) கடன் வாங்கியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. சமுதாயக் கல்லூரியில் கடனே வாங்காமல் படித்த பெருங்கூட்டம் அந்தக் கணக்கில் வருவதில்லை. தனியார் பள்ளி மாணவர் வங்கியில் வாங்கிய கடனும் வருவதில்லை. ஆகவே முதலாவது உள்ளதைவிடப் பாரமாகவும், இரண்டாவது உள்ளதைவிட இலேசாகவும் தோன்றக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன்.

அதிகக் கட்டணம் கட்டினால் நல்ல வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கும் பட்டறையில் இடமில்லை. வேலை கேட்டு வருபவரிடம் பெரும்பாலும் இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து வெல்டு செய்யச் சொல்கிறார்கள். பிறகு அதிலிருந்து பட்டையாக வெட்டி, ‘யூ’ வடிவத்தில் வளைத்துப் பார்க்கிறார்கள். கட்டுமான எஃகுக்கான அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிப்படி, வளைந்த பரப்பில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பிளவு இருந்தால் தோல்விதான். அந்தத் தகட்டுக்குச் சான்றிதழைப் படிக்கத் தெரியாது. ஆர்க்கின் (வெல்டிங் மின்பொறியின்) முன் கழித்த மணிநேரங்கள்தான் அதில் தெரியும். எனவே எந்தப் பள்ளியிலும் முதலில் கேட்க வேண்டியது, ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வெல்டிங் பூத் (பயிற்சி செய்யும் தடுப்பறை) கிடைக்கும் என்பதுதான்.

அப்ரண்டிஸ் பயிற்சியில் முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு. குழாய்த் தொழிலாளர் சங்கத்தின் பயிற்சி ஐந்தாண்டு நீடிக்கிறது. தேர்ச்சிக்கேற்ப ஊதியமும் உயரும். இடம் கிடைப்பதுதான் கடினம். கிடைப்பவர் தயங்காமல் சேரலாம். காத்திருக்க வேண்டியவருக்கு, சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பு அந்த மாதங்களை வீணாக்காமல் கையைப் பழக்கிக்கொடுக்கும்.